‘பழகிப்போச்சு’ என்பவர்களிடம் நான் சொல்வது

கோவைக்குக் கிழக்கே ஒரு பஞ்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பாதுகாப்பு அலுவலராக வேலை பார்த்து வருகிறேன். ஆயிரம் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் இப்படி ஒருவர் இருந்தாக வேண்டும் என்று, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் பின்னாளில் சேர்த்த 40-பி பிரிவு எங்களைப் போன்றவர்களுக்கு இந்த நாற்காலியைப் போட்டுக் கொடுத்தது. ஆலைக்குள் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளுக்குக் குறையாமல் கல்யாணப் பந்தியிலும், ஊர்த் திண்ணையிலும், பேருந்தில் பக்கத்து இருக்கையிலும் கேள்விகள் வரும். கேஸ் நாற்றம் அடித்தால் முதலில் என்ன செய்வது, கிணற்றில் இறங்கும் முன் விளக்கு விட்டுப் பார்த்தால் போதுமா, பிரேக்கர் போட்ட வீட்டில் ஷாக் அடிக்குமா, பஞ்சுத் தூசிக்கு வெல்லம் சாப்பிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்பவர்கள், நான் பதிலைத் தொடங்குவதற்கு முன்பே தங்கள் பதிலையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள்: “இத்தனை வருஷமா இப்படித்தானுங்க இருக்கோம். பழகிப்போச்சு. ஒண்ணும் ஆகலை.”

அந்தப் ‘பழகிப்போச்சு’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு பதற்றம் எழுகிறது. நான் பார்த்தவரையில் வீட்டிலும் வேலையிடத்திலும் பெரும்பாலான ஆபத்துகள், நம் மூக்கும் காதும் தோலும் எச்சரிப்பதை நிறுத்திக்கொண்ட பிறகுதான் முற்றுகின்றன. நாம் அதைப் பழக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

முதலில் அடுப்படியைச் சொல்கிறேன். காலையில் அடுப்படிக் கதவைத் திறந்ததும் லேசாக கேஸ் வாசனை வரும் என்றும், கொஞ்ச நேரத்தில் அது போய்விடும் என்றும், அதனால் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்றும் அத்தை முறையுள்ள ஒருவர் ஒரு விசேஷத்தில் சொன்னார். சமையல் கேஸுக்கு இயல்பாகச் சொல்லும்படியான வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளை அதில் கலந்து அனுப்புகிறார்கள். அந்த நாற்றம் கொஞ்ச நேரத்தில் மறைந்தால் கேஸ் வெளியேறிவிட்டது என்று நம்பிவிட முடியாது. மூக்கு அதற்குப் பழகியிருக்கவும் கூடும். காற்றைவிடக் கனமான வாயு ஆகையால், அது சுவரின் உச்சியில் நாம் வைத்திருக்கும் எக்ஸாஸ்ட் விசிறியைத் தேடிப் போவதில்லை. தரையோடு பரவி மேடைக்கு அடியிலும் ஃப்ரிட்ஜுக்கு அடியிலும் தங்குகிறது. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்குச் சேர்ந்தாலே தீப்பிடிக்கப் போதுமானது, ஃப்ரிட்ஜ் தானாக ஓடத் தொடங்கும்போது எழும் ஒரு பொறிகூட அதைப் பற்றவைத்துவிடலாம். ஆகவே நாற்றம் தெரிந்தால் விளக்கைப் போடவும் கூடாது, எரிந்துகொண்டிருக்கும் விளக்கை அணைக்கவும் கூடாது. இரண்டாவது பாதியைச் சொன்னால் பலர் வியக்கிறார்கள், ஆனால் சுவிட்சைத் தட்டும் எந்தத் திசையிலும் பொறி எழும். ரெகுலேட்டரை மூடிவிட்டு, கதவு சன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு, வாசலுக்கு வந்து நின்றுகொண்டு, கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண்ணான 1906-ஐ அழைக்க வேண்டும். வீட்டுக்குள் இருந்தபடி கைப்பேசியை எடுப்பது வேண்டாம்.

அத்தையின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, அடுப்புக்கும் சிலிண்டருக்கும் இடையே இருந்த ஆரஞ்சு நிற டியூபில் அச்சிட்டிருந்த தேதி எண்ணெய்ப் பிசுக்கில் மறைந்திருந்தது. துடைத்துப் பார்த்தால், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய டியூப் எட்டாவது ஆண்டில் இருந்தது. பர்னர் பக்கத்து முனையில் நகத்தால் அழுத்தினால் பிளவு தெரியும் அளவுக்குக் காய்ந்திருந்தது. அப்போதே சிலிண்டரின் கழுத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறத்தையும் காட்டினேன். அங்கே ஓர் எழுத்தும் இரண்டு இலக்க ஆண்டும் எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை, சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர் வரை, டி என்றால் ஆண்டின் கடைசி மூன்று மாதங்கள். அந்தக் காலத்துக்குள் சிலிண்டரை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது அதன் பொருள். கெடு தாண்டிய சிலிண்டர் வந்தால், கொண்டுவந்தவரிடமே வாசலில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அடுப்படியை விட்டு நகரும் முன் தீக்காயம் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பற்பசை, மை, மஞ்சள், மாவு, ஐஸ் இவற்றில் எதையும் வைக்காதீர்கள். வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் முழுதாக இருபது நிமிடம் காட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால்தான் இருபது நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். பெரும்பாலோர் இரண்டு நிமிடத்தில் கையை எடுத்துவிடுகிறார்கள்.

அடுத்தது, நான் எத்தனை முறை சொன்னாலும் மனம் ஆறாத விஷயம். தாராபுரம் பக்கத்தில் இருக்கும் பெரியப்பா ஒருவர் செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டது என்று ஆளுக்குச் சொல்லியிருந்தார். “லாரி சந்துக்குள்ள வராது தம்பி. மூடியைத் திறந்து ரெண்டு மணி நேரம் விட்டுட்டா வாயு போயிரும். இறங்கற ஆளு அனுபவஸ்தன், மோந்து பார்த்து நாத்தம் குறைஞ்சாத்தான் இறங்குவான்” என்றார். அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு நேரே ஊருக்குப் போனேன்.

செப்டிக் டேங்க், சாக்கடை, சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டி ஆகியவற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு உண்டாகிறது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதன் கொடுமை தெரிந்தவர்கள் குறைவு. பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவிலேயே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். அதுவே நூறு பங்கு அளவுக்கு ஏறும்போது சில நிமிடங்களில் மூக்கின் மோப்ப நரம்பு மரத்துப்போகிறது, நாற்றம் நின்றுவிடுகிறது. எழுநூறு, ஆயிரம் என்ற அளவில் ஓரிரு மூச்சிலேயே ஆள் நினைவிழந்து விழுந்துவிடுவார். அப்படியானால் மோந்து பார்த்து நாற்றம் குறைந்ததும் இறங்கும் அனுபவஸ்தர், சில வேளைகளில் தொட்டி மிக மோசமாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்து இறங்குகிறார். மேலிருந்து பார்க்கும்போது அமைதியாக இருக்கும் சகதியை மண்வெட்டியோ காலோ கிளறியதும் அடியில் அடைந்திருந்த வாயு ஒரேயடியாகக் கிளம்பும். மூடியை இரண்டு மணி நேரம் திறந்து வைத்ததெல்லாம் அந்த நொடியில் பயன்படாது.

ஒருவர் விழுந்தால் அடுத்து நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. அண்ணன் விழுந்தார் என்று தம்பி இறங்குகிறார், தம்பி விழுந்தார் என்று பக்கத்து வீட்டுக்காரர் இறங்குகிறார். செய்தித்தாளில் மூவர் பலி, நால்வர் பலி என்று வரும் செய்திகளில், முதலாமவரைத் தவிர மற்றவர்கள் காப்பாற்றப் போனவர்களாகவே இருப்பார்கள். இதைத் தடுக்கும் வழி நம் சட்டப் புத்தகத்தில் பல காலமாக இருக்கிறது. தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவு, தொட்டிக்குள் நச்சு வாயு இல்லை என்று தகுதியுள்ள ஒருவர் சோதித்து எழுத்தில் சான்று தந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, கயிறு கட்டிய பெல்ட்டைப் போட்டு, அந்தக் கயிற்றின் மறுமுனையைத் தொட்டிக்கு வெளியே நிற்கும் ஒருவர் கையில் பிடித்திருக்க வேண்டும் என்று சொல்லியது. அந்த மறுமுனைதான் முக்கியம். வெளியே இருப்பவர் உள்ளே இறங்காமலேயே இழுத்து எடுக்க முடிந்தால், இரண்டாவது உயிர் போக வேண்டியதில்லை.

எங்கள் ஆலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கழிவுநீர்த் தொட்டியின் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஒப்பந்தக்காரரின் ஹெல்பர் ஒருவர் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி உள்ளே விழுந்தது. ஆறடி ஆழம்தான், ஸ்பேனர் சேற்றுக்கு மேலே கண்ணுக்குத் தெரிந்தது. அவர் இரும்பு ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டார். நான் அவர் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்திவிட்டு, வாயு மீட்டரைக் கயிற்றில் கட்டி மெதுவாக இறக்கினேன். மூன்றடி வரைக்கும் ஆக்சிஜன், வெளிக்காற்றில் இருப்பதுபோலவே, இருபது சதவீதமும் சொச்சமும் காட்டியது. நாலரை அடிக்கு வந்ததும் மீட்டர் சிவப்பு விளக்கோடு அலற ஆரம்பித்தது. மேலே இழுத்துப் பார்த்தபோது ஆக்சிஜன் மிகக் குறைந்த அளவாகப் பதினாறு சதவீதம் பதிவாகியிருந்தது. அந்தப் பையன் அதுவரை, கீழே போவதற்கும் வருவதற்கும் ஒரு நிமிடம்கூட ஆகாதே என்று சொல்லிக்கொண்டிருந்தவர், பேச்சை நிறுத்திவிட்டு ஏணியிலிருந்து தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் கயிற்றில் காந்தம் கட்டி ஸ்பேனரை எடுத்தோம்.

கிணற்றில் விளக்கு விட்டுப் பார்ப்பது பற்றியும் கேட்கிறார்கள். விளக்கு அணைந்தால் உள்ளே ஆக்சிஜன் குறைவு என்பது உறுதி, யாரும் இறங்கக் கூடாது. விளக்கு அணையாமல் எரிந்தால் நச்சு வாயு இல்லை என்று மட்டும் அர்த்தம் கொள்ளாதீர்கள். உள்ளே ஆயில் இன்ஜின் ஓடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு தங்கியிருக்கலாம். அது நிறமோ மணமோ இல்லாதது. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலாக ரத்தத்தோடு ஒட்டிக்கொள்வது. விளக்குக்கு அதைக் காட்டிக்கொடுக்கத் தெரியாது. செப்டிக் டேங்க்கில் விளக்கு விடுவது அதைவிட மோசம், ஏனென்றால் அங்கே எரியக்கூடிய மீத்தேனும் இருக்கும்.

பெரியப்பா கடைசியில் கேட்டது, செலவு பற்றி. ஆளை இறக்கினால் சில ஆயிரத்தில் முடிகிறது என்றார். பாதுகாப்புக் கருவிகளோ முறைகளோ இல்லாமல் ஒருவரைச் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ இறக்குவது, மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்றும், முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு என்றும் சொன்னேன். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023-இல் உச்ச நீதிமன்றம் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சமாக உயர்த்தியதையும் சொன்னேன். ஆனால் அவரை மாற்றியது சட்டம் என்று நான் நினைக்கவில்லை. வந்திருந்த ஆளின் மகன், பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும், அப்பாவுக்குத் துணையாக வாளியோடு திண்ணை ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். கயிறு பிடிக்க வேண்டியவன் அவன்தான். பெரியப்பா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இருவருக்கும் அன்றைய கூலியைக் கொடுத்து அனுப்பினார். செப்டிக் டேங்க் கழிவகற்றலுக்கான உதவி எண்ணான 14420-இல் கேட்டு, சந்துமுனையிலேயே லாரியை நிறுத்தி நீளக் குழாய் போட்டு இரண்டு நாள் கழித்து வேலை முடிந்தது.

குளியலறையைக் கழுவும்போது கண் எரிந்து இருமல் வருகிறதே, அது நன்றாகச் சுத்தமாவதற்கு அடையாளமா என்று எங்கள் கேன்டீனில் வேலை செய்யும் அக்கா ஒருவர் கேட்டார். அவர் ப்ளீச்சிங் பவுடரைத் தூவி, அதன்மேல் கழிவறை ஆசிட்டை ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915-இல் முதல் உலகப் போரில் படைவீரர்கள் மீது திறந்துவிடப்பட்ட அதே வாயுதான். சன்னல் இல்லாத நான்கடிக் குளியலறையில் குனிந்து தேய்ப்பவரின் முகத்துக்கு நேரே அது எழும். ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகு வேறொரு நாள் மற்றதை எடுங்கள் என்றேன். துணி முகக்கவசமோ என்95 முகக்கவசமோ தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. இன்னொன்று, ஆசிட்டையும் மண்ணெண்ணெயையும் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம், வெளியே வரும்போது அது நுரையீரலுக்குள் புகுந்துவிடும். 108-ஐ அழையுங்கள்.

மின்சாரத்தில் பழக்கம் வேறு மாதிரி வேலை செய்கிறது. ஈரோட்டில் தங்கை வீட்டில் வாஷிங் மெஷினைத் தொட்டால் ‘சுர்’ என்று இழுக்கும் என்பதால், அதன் முன்னால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு நிரந்தரமாக இருந்தது. வீட்டிலிருந்த எல்லோரும் அதைப் போட்டுக்கொண்டே துணி போடப் பழகியிருந்தார்கள். மாப்பிள்ளை, “மச்சான், எல்லா பிரேக்கரும் போட்டாச்சு, பயமில்லை” என்றார். நான் அவரை மின்பெட்டிக்கு அழைத்துச் சென்றேன். நாம் பிரேக்கர் என்று பொதுவாகச் சொல்லும் எம்சிபி, வயர் சூடேறி எரியாமல் இருப்பதற்காக வைப்பது. 16 ஆம்பியர் எம்சிபி 16 ஆம்பியரைத் தாண்டினால்தான் விழும். அறுபது வாட் குண்டு பல்பு கால் ஆம்பியரைச் சற்றே தாண்டி எடுக்கிறது, அதாவது சுமார் 260 மில்லிஆம்பியர். மனிதக் கைக்குப் பத்து மில்லிஆம்பியரைத் தாண்டினாலே பிடித்ததை விட முடியாமல் தசை இறுகத் தொடங்கும். ஆகவே ஒரு பல்பு எரியத் தேவையானதில் சிறு பங்கே ஆளைக் கொல்லப் போதும். எம்சிபி அதைக் கவனிக்கவே செய்யாது. அதைக் கவனிப்பது ஆர்சிசிபி. உள்ளே போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் 30 மில்லிஆம்பியர் வித்தியாசப்பட்டாலே, நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் அது இணைப்பைத் துண்டித்துவிடும்.

தங்கை வீட்டுப் பெட்டியிலும் ஆர்சிசிபி இருந்தது. அதன் முகத்தில் ‘டி’ என்று எழுதிய சின்னப் பொத்தானை அழுத்தினேன். ‘டக்’ என்று விழ வேண்டிய நெம்புகோல் அசையவில்லை. மூடியைக் கழற்றச் சொன்னபோதுதான் தெரிந்தது, அந்தக் கருவிக்குள் போகும் வயரையும் வெளியே வரும் வயரையும் பின்னால் ஒன்றாகச் சேர்த்து முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். “அடிக்கடி விழுந்துட்டே இருந்துச்சு, அதனால எலக்ட்ரீஷியன் சரிபண்ணிட்டுப் போனார்” என்றாள் தங்கை. அது அடிக்கடி விழுந்ததற்குக் காரணம் வாஷிங் மெஷினின் கசிவு. செய்தி சொன்னவனின் வாயைக் கட்டிவிட்டு, செய்தியோடு அந்தக் குடும்பம் ஏழு மாதம் வாழ்ந்திருக்கிறது. மெஷினின் ஹீட்டரையும் வீட்டின் எர்த் இணைப்பையும் சரி செய்து, வயரைப் பழையபடி மாற்றிய பிறகு பொத்தானை அழுத்தினேன், வீடு முழுவதும் இருண்டது. அந்த இருட்டைப் பார்த்துத் தங்கையின் குழந்தைகள் கைதட்டினார்கள். இதைப் படிப்பவர்கள் மாதம் ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழாத கருவி, இல்லாத கருவிக்குச் சமம்.

இனி ஆலைக்கு வருகிறேன். பஞ்சு பிரிக்கும் ப்ளோ ரூமிலும், பஞ்சைச் சீவும் கார்டிங்கிலும் வேலை செய்பவர்கள் வெல்லக் கட்டி வைத்திருப்பார்கள். வெல்லம் தூசியை இறக்கிவிடும் என்பது பல தலைமுறை நம்பிக்கை. வெல்லம் போவது இரைப்பைக்கு, தூசி போவது நுரையீரலுக்கு. இரண்டும் எங்கும் சந்திப்பதில்லை. அவர்கள் கவனிக்க வேண்டியது கிழமையை. வார விடுமுறை முடிந்து முதல் நாள் வேலைக்கு வரும்போது மட்டும் நெஞ்சு இறுகி, மூச்சு முட்டி, அடுத்த நாள் சரியாகிவிட்டால், அது பிசினோசிஸ் என்ற பஞ்சு நோயின் தொடக்கமாக இருக்கலாம். இங்கேயும் ஏமாற்றுவது அதே பழக்கம்தான். செவ்வாய்க்கிழமை உடம்பு பழகிவிடுவதால், திங்கட்கிழமைத் தொல்லையை லீவு நாள் சாப்பாட்டின் மேல் போட்டுவிடுகிறார்கள். நாளாக நாளாக இறுக்கம் மற்ற நாட்களுக்கும் பரவி, ஒரு கட்டத்தில் நிரந்தரமாகிவிடும். தொடக்கத்திலேயே தூசி குறைந்த பிரிவுக்கு மாறினால் மீள முடியும். உங்கள் வீட்டில் ஆலைக்குப் போகிறவர் இருந்தால், ஞாயிறு விடுமுறை என்றால் திங்கள் இரவு அவர் எப்படி இருமுகிறார் என்று கேளுங்கள்.

காது பற்றியது என் சொந்தக் கதை. பாதுகாப்புப் பிரிவுக்கு வருவதற்கு முன் ஏழு ஆண்டுகள் தறிக்கூடத்தில் மேற்பார்வையாளராக இருந்தேன். கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அங்கே சத்தம் சுமார் 85 டெசிபலைத் தொட்டிருக்கும் என்பது எங்கள் தொழிலில் ஒரு கணக்கு. எங்கள் கூடத்தில் கத்தினாலும் கேட்காது, வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்வோம். முதல் மாதம் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் போகும்போது காதில் ‘ஙொய்’ என்று ஒலி கேட்டபடியே இருக்கும். மூன்றாவது மாதம் அது நின்றது. காது பழகிவிட்டது என்று மகிழ்ந்தேன். இயர் பிளக் கொடுத்தார்கள். சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பத்து ஆண்டு கழித்து எடுத்த கேள்திறன் சோதனையின் தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வலது காதுக்கும் இடது காதுக்கும் இரண்டு கோடுகள், தாழ்ந்த சுருதியான 250 ஹெர்ட்ஸிலிருந்து ஏறத்தாழ நேராக வந்து, உயர்ந்த சுருதியான 4000 ஹெர்ட்ஸில் பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறுகின்றன. இரைச்சலால் கெடும் காது அந்த இடத்தில்தான் முதலில் கெடும். பேச்சின் சத்தம் கேட்கும், மெய்யெழுத்துகளின் முனை கேட்காது. என் மகள் சென்னையிலிருந்து தொலைபேசியில் பேசும்போது அவள் சொன்னது ‘பத்து’வா ‘பட்டு’வா என்று இரண்டாம் முறை கேட்கிறேன். அந்த உள்காதுச் செல்கள் மறுபடி வளர்வதில்லை.

சென்ற வாரம் தறிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஒரு காதில் மட்டும் இயர் பிளக் வைத்திருந்தார். “சார், ஒரு காதுல போட்டாப் போதும்ங்களா? இன்னொண்ணுல மேஸ்திரி கூப்பிடறது கேக்கணும்” என்றார். கேள்வி நியாயமானதுதான். மேஸ்திரியிடம் பேசி, கூப்பிடுவதற்குக் கூடத்தின் இரு கோடியிலும் சுழலும் விளக்கு வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த இளைஞரை என் அறைக்கு அழைத்து, இழுப்பறையிலிருந்த தாளை எடுத்து இரண்டு கோடுகளையும் விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் என் காதையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று ஷிஃப்ட் முடியும்வரை இரண்டு காதிலும் போட்டிருந்தார். விளக்கு வரும்வரை நாள்தோறும் ஒருமுறை அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.